உடும்புப் பிடி

எங்கள் தெருவில் யாருக்காவது மனு எழுத வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள். கதை எழுதுகிறவனுக்கு மனு எழுதத் தெரியாமலா போகும் என்பது அவர்கள் நினைப்பு. குழாயில் தண்ணீர் வராத குறையிலிருந்து விதவைப் பென்ஷன் வரைக்கும் எத்தனையோ எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால், ஒரே வாரத்தில், ஒரே விஷயத்தைப் பற்றி, எதிரும் புதிருமாக இரண்டு மனுக்களை ஒரே கையால் எழுத நேர்ந்தது 2025 ஆகஸ்டு மாதத்தில்தான்.

முதல் மனு தெருவாருடையது. ராயபுரத்தில் ரயிலடிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள எங்கள் சந்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். துறைமுகத்தில் வின்ச் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் வீட்டில் ஒரு பிட்புல் நாய். அந்த மாதம் ஜாபர்கான்பேட்டையில் ஒரு பிட்புல் கடித்து ஒருவர் இறந்துபோனார். அதற்கு முந்தின வருஷம் மே மாதம், ஆயிரம் விளக்குப் பகுதியில், பூங்காவில் விளையாடிக்கொண்டிருந்த ஐந்து வயதுக் குழந்தையை இரண்டு ராட்வைலர் நாய்கள் குதறிவிட்டன. இவற்றையெல்லாம் பத்திரிகையில் படித்த பிறகு யாருக்கு நிம்மதியாகத் தூக்கம் வரும்? நாயை அப்புறப்படுத்த வேண்டும் என்று தெருவே கையெழுத்துப் போட்டது. எழுதிக் கொடுத்தவன் நான். கையெழுத்தும் போட்டேன். எனக்கும் பள்ளிக்கூடம் போகிற பெண் இருக்கிறாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அந்தப் பெரியவரே என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, ஆபீஸ்லேருந்து வந்து கேட்டுட்டுப் போனாங்க. இந்த நாயை எதுக்கு வச்சிருக்கேன்னு எழுதிக் குடுக்கணுமாம். நீ கொஞ்சம் எழுதிக் குடு."

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. "அண்ணே, அந்தப் புகார் மனுவை எழுதினதே நான்தான்" என்றேன்.

"தெரியுமே. உன் எழுத்து எனக்குத் தெரியாதா? என் பென்ஷன் மனு நீ எழுதினதுதானே? நல்லாத்தான் எழுதியிருந்தே. அதே மாதிரி இதையும் எழுதிடு."

பேனாவைத் திறந்தேன். "சரி, எதுக்கு வச்சிருக்கீங்க? சொல்லுங்க."

"அதாம்ப்பா தெரியலை. பையன் வாங்கினான். லைசென்ஸெல்லாம் அவன்தான் எடுத்தான். இப்ப கப்பல் வேலைக்குப் போயிட்டான். அவன் வச்ச பேரு டைசன். நான் கண்ணுன்னுதான் கூப்புடுவேன். எதுக்குன்னு கேட்டா இன்னா சொல்றது?"

அன்றைக்கு ஒரு வரிகூட எழுத ஓடவில்லை. இரண்டு நாள் அவகாசம் கேட்டுக்கொண்டு அவரை அனுப்பிவிட்டு, இந்த ஜாதி நாயின் பூர்வோத்தரத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல முடியாதபோது அதன் சரித்திரத்தைத் தேடிப் போவது என் பழக்கம்.

புல்டாக், புல் டெரியர், பிட்புல் என்று இந்தக் குடும்பத்தில் எல்லாப் பெயரிலும் ஒரு 'புல்' ஒட்டிக்கொண்டிருக்கிறது. புல் என்றால் காளை. நாய்க்கும் காளைக்கும் என்ன உறவு? அது அன்பான உறவு இல்லை. முன்காலத்து இங்கிலாந்தில் காளையை ஒரு முளையில் கயிற்றால் கட்டி, அதன்மேல் நாய்களை ஏவிவிடும் விளையாட்டு ஒன்று இருந்தது. நாய் தரையோடு தரையாகப் பதுங்கிப் போய்க் காளையின் மூக்கைக் கவ்வ வேண்டும். கவ்விவிட்டால் விடக் கூடாது. காளை தலையை உதறும்; கொம்பால் நாயைத் தூக்கி வானத்தில் எறியும். கூட்டம் ஆரவாரம் செய்யும்; பந்தயப் பணம் கை மாறும். நாய்களால் கடிபட்ட காளையின் மாமிசம் மெத்தென்று இருக்கும் என்ற நம்பிக்கையினால், சில ஊர்களில் இப்படிக் கடிக்கவிடாமல் காளையை அறுக்கக் கூடாது என்று விதியே இருந்ததாம்.

இதைப் படித்தபோது நம்முடைய ஏறு தழுவுதல் ஞாபகத்துக்கு வந்தது. கலித்தொகைக் காலத்திலிருந்து நம் இளைஞன் காளையின் திமிலைத் தானே போய்த்தான் தழுவியிருக்கிறான். கொம்பு குத்தினால் அவன் குடல்தான் சரிந்தது. சீமையிலோ மனிதன் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு நாயை அனுப்பினான். நம்மை உயர்த்திக்கொள்வதற்காக இதைச் சொல்லவில்லை. நம் ஊர்க் காளையையும் யாரும் சம்மதம் கேட்டதில்லை. அதனால்தானே 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு தடை விதித்து, 2017-ல் மெரீனாவில் ஜனசமுத்திரம் திரண்டு, 2023-ல் அதே கோர்ட்டு தமிழ்நாட்டின் சட்டத் திருத்தத்தை ஒப்புக்கொள்ளும்வரை அத்தனை வழக்கு நடந்தது! நான் சொல்ல வந்தது ஒன்றுதான். தான் செய்யத் துணியாத காரியத்தைச் செய்வதற்காக மனிதன் கையால் பிசைந்து உண்டாக்கிய பிராணி இது. அகன்ற தாடை, தடித்த கழுத்து, தாழ்ந்த உடல், வலியைப் பொருட்படுத்தாத பிடிவாதம் எல்லாம் மனிதன் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்தவை.

இந்த விளையாட்டை நிறுத்த 1800-லும் 1802-லும் இங்கிலாந்துப் பார்லிமெண்டில் மசோதாக்கள் வந்தன, இரண்டும் தோற்றன. எதிர்த்துப் பேசியவர்களில் வில்லியம் விண்டம் என்ற பிரமுகர் முக்கியமானவர். அவர் வாதத்தை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. சீமான்கள் குதிரை ஏறி நரி வேட்டை ஆடுகிறார்கள். அது கௌரவமான பொழுதுபோக்கு. ஏழை தன் நாயைக் காளைமேல் விட்டால் மட்டும் அது கொடுமையா? இதுதான் அவர் கேட்டது. கொடுமைக்கு ஆதரவாக நியாயத்தைத் துணைக்கு அழைப்பது எந்தக் காலத்திலும் நடப்பதுதான். கடைசியில் 1835-ல்தான் சட்டம் வந்தது. காளையின்மேல் நாயை விடுவது, கரடியின்மேல் விடுவது, நாய்ச் சண்டை, சேவல் சண்டை எல்லாம் குற்றமாயின.

விளையாட்டு போயிற்று, நாய் மிச்சமிருந்தது. வேலை போன ஆலைத் தொழிலாளியைப்போல அது தெருவில் நின்றது. அதற்கு மூன்று வழிகள் திறந்தன.

ஒன்று, இருட்டு வழி. காளையை மறைக்க முடியாது; இரண்டு நாய்களைக் கொல்லைப்புறக் குழிக்குள் இறக்கி மோதவிடுவது போலீசுக்குத் தெரியாமல் நடக்கும். பிட் என்றால் குழி. புல்டாகின் பிடிவாதத்தோடு டெரியரின் சுறுசுறுப்பைக் கலந்து, குழிச் சண்டைக்கென்றே நாய்களை வளர்த்தார்கள். இந்தக் கலப்பு நாய்களுக்கு ஏற்கனவே இன்னொரு தொழிலும் இருந்தது. 1823-ல் லண்டனில் பில்லி என்ற நாய் குழிக்குள் விடப்பட்ட நூறு எலிகளை ஐந்தரை நிமிஷத்தில் கொன்று தீர்த்தது என்று கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். துறைமுகத்து எலிகளை அறிந்த எங்கள் ராயபுரத்துக்காரர்கள் அந்த நாய்க்குக் கோயில் கட்டியிருப்பார்கள்.

இரண்டாவது, வெளிச்ச வழி. 1860-களில் பர்மிங்ஹாமில் ஜேம்ஸ் ஹிங்க்ஸ் என்பவர் வெள்ளை வெளேரென்று ஒரு புல் டெரியரை உருவாக்கிக் கனவான்களின் கைக்குக் கொடுத்தார். கண்காட்சிகள் வந்தன; 1873-ல் கென்னல் கிளப் வந்தது. பழைய புல்டாக் கண்காட்சி மேடையில் ஏறி உட்கார்ந்து, மூக்கு சப்பி, கால் வளைந்து, நடந்தாலே மூச்சு வாங்கும் பிராணியாக மாறிவிட்டது. ஒரு காலத்தில் காளையை அடக்கியது, இன்றைக்கு எண்ணூர் வெயிலில் அரை மைல் நடந்தால் உயிருக்கு ஆபத்து. நாய் வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் தன் உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. அந்த மூச்சுக் குழாயையே அழகுக்காகச் சுருக்கிவிட்டால் அது எங்கே போகும்? கொடுமை என்பது முளையில் கட்டுவது மாத்திரம் இல்லை.

இந்தப் பரம்பரையில் சங்கீதத்துக்குப் போன ஒரு நாயும் உண்டு. கிராமபோன் குழாய்க்கு முன்னால் தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்குமே, அதன் பெயர் நிப்பர். 1884-ல் பிரிஸ்டலில் பிறந்து 1895-ல் செத்துப்போனது. அதன் உடம்பில் புல் டெரியர் இரத்தம் ஓடியது என்று சொல்வார்கள். அது இறந்த பிறகு பிரான்சிஸ் பாரோ என்ற சித்திரக்காரர் ஞாபகத்திலிருந்து தீட்டிய படம்தான் நம் பாட்டிமார் வீட்டு இசைத்தட்டு வரைக்கும் வந்தது. எந்த நாயின் ஜாதியைக் கண்டு தெரு நடுங்குகிறதோ, அதன் உறவுக்காரன் ஒருவனை நம் கூடத்தில் உட்காரவைத்துப் பாட்டுக் கேட்டிருக்கிறோம்!

மூன்றாவது வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. அது தொழிலாளியின் வீட்டு வழி. இங்கிலாந்தில் நிலக்கரியும் இரும்புமாக இருக்கும் பகுதியைக் கரும்பூமி என்பார்கள். அங்கே கிராட்லி ஹீத் என்று ஓர் ஊர்; சங்கிலி அடிப்பவர்களின் ஊர். பக்கத்திலுள்ள நெதர்ட்டனில்தான் டைட்டானிக் கப்பலின் பெரிய நங்கூரத்தைச் செய்தார்கள். பகலெல்லாம் உலைக்கு முன்னால் வெந்துவிட்டு வருகிற அந்த மனிதர்களின் கால்மாட்டில் படுத்துக் கிடந்தது ஸ்டாஃபர்ட்ஷயர் புல் டெரியர். நூறு வருஷம் குழிச் சண்டைக்காரன் என்று பெயர் கெட்டுக் கிடந்த அந்த நாயைக் கென்னல் கிளப் 1935-ல் ஒரு ஜாதியாக ஒப்புக்கொண்டது. அதற்கான சங்கம் அமைந்தது இந்தக் கிராட்லி ஹீத்தில்தான். நாட்டிங்ஹாமில் பூப்பின்னல் நெய்தவர்கள், யந்திரம் வந்து பிழைப்புக் கெட்டதும் பிரான்சுக்குப் போனார்கள்; கூடவே தங்கள் குட்டைப் புல்டாகுகளையும் கொண்டுபோனார்கள். இன்றைக்குப் பணக்காரர் மடியில் கிடக்கும் பிரெஞ்சு புல்டாக் அந்த நெசவாளிகள் கொண்டுபோனதன் வாரிசு. கடல் கடந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனவர்களோடு போனதுதான் பிட்புல்.

இங்கேதான் எனக்கு ஒன்று விளங்க ஆரம்பித்தது. உலை, சுரங்கம், தறி, கப்பல்துறை. இந்த நாய் எங்கெல்லாம் பிரியமாக வளர்ந்ததோ, அங்கெல்லாம் மனிதன் தன் உடம்பை விற்றுப் பிழைத்தவன். ராயபுரமும் திருவொற்றியூரும் எண்ணூரும் வேறு என்ன?

வடசென்னையில் இதற்கு நிலம் முன்பே பண்பட்டிருந்தது. வெள்ளைக்காரச் சிப்பாயும் மாலுமியும் விட்டுப்போன குத்துச்சண்டையை எங்கள் மீனவர்களும் துறைமுகத் தொழிலாளிகளும் எடுத்துத் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டார்கள். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று அதற்கு வம்சமே உண்டாயிற்று. அடி வாங்கினாலும் பின்வாங்காதவனுக்கு இங்கே ஒரு மரியாதை. 1980-ல் முகமது அலி சென்னைக்கு வந்து காட்சிச் சண்டை போட்டபோது, வின்ச் பெரியவர் இருபது வயசுப் பையனாக நேரு ஸ்டேடியத்துக்கு ஓடியவர். அவர் மகன் நாய்க்கு டைசன் என்று பேர் வைத்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? திருவொற்றியூரில் 1950-களிலிருந்து செய்யத் தொடங்கிய புல்லட் மோட்டார் சைக்கிளை நினைத்துப் பாருங்கள். அதைவிட இலேசான வண்டி, மலிவான வண்டி எத்தனையோ உண்டு. ஆனாலும் அந்தக் கனமும் அந்தச் சத்தமும் வேண்டும் என்கிறவர்கள் இருக்கிறார்கள். பகலெல்லாம் மேஸ்திரியின் வார்த்தைக்குக் கட்டுப்பட்டவனுக்கு, தன் வார்த்தைக்குக் கட்டுப்படுகிற ஒரு பலம் வேண்டியிருக்கிறது.

அப்படியானால் நம் ராஜபாளையமும் கோம்பையும் சிப்பிப்பாறையும் போதாவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் வெயிலுக்கும் நம் மண்ணுக்கும் பழகிய நாய்கள் அவை. ராஜபாளையத்துக்கு 2005-ல் தபால் தலையே வெளியிட்டார்கள். ஆனால் பட்டினத்து வாலிபனுக்குச் சீமைச் சரக்கில் ஒரு மோகம். அது நாயின் விஷயத்தில் மட்டும் புதிதாக வந்ததில்லை.

சரி, இந்த நாய் பொல்லாததா, நல்லதா? அதன் தாடை கவ்வினால் பூட்டிக்கொள்ளும் என்று ஒரு பேச்சு உண்டு. அப்படிப் பூட்டு எதுவும் அதன் எலும்பில் இல்லை. விடாமல் இருப்பது தாடையின் காரியம் இல்லை, மனசின் காரியம். 2022-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் 18,000-க்கும் மேற்பட்ட நாய்களை ஆராய்ந்து, நாய்க்கு நாய் குணம் வேறுபடுவதில் ஜாதியின் பங்கு சுமார் 9 சதவீதம்தான் என்று கண்டார்கள். 2007-ல் மைக்கேல் விக் என்ற பிரபல கால்பந்து வீரரின் பண்ணையில் சண்டைக்கென்று வளர்த்த ஏறக்குறைய ஐம்பது பிட்புல்களைச் சர்க்கார் பிடித்தது. கொன்றுவிட வேண்டும் என்றுதான் பலரும் சொன்னார்கள். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை பிழைத்தன. பல குடும்பங்களில் குழந்தைகளோடு வளர்ந்தன.

இதைக் கேட்டுவிட்டு நாய் வளர்ப்பவர்கள் சந்தோஷப்பட்டு எழுந்து போய்விடக் கூடாது. மறு பக்கமும் இருக்கிறது. தெருவில் திரிகிற சொறிநாய் கோபித்துக்கொண்டால் ஆடுசதையில் நாலு பல் பதியும். காளையை அடக்கப் பிறந்த தாடை கோபித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜாபர்கான்பேட்டை சாட்சி. குணம் ஒன்பது சதவீதமாக இருக்கலாம். பலம் நூறு சதவீதம். ஆயிரம் நாள் சாதுவாக இருந்துவிட்டு ஆயிரத்தோராவது நாள் தவறினால், அன்றைக்குப் புள்ளிவிவரம் வந்து தாங்காது.

சட்டமும் இந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவில்தான் தடுமாறிக்கொண்டிருக்கிறது. இங்கிலாந்து 1991-ல் பிட்புல்லைத் தடை செய்தது. வேறு பெயரில் எக்ஸ்.எல். புல்லி என்ற பெரிய நாய் வந்தது. 2023 முடிவில் அதற்கும் தடை போட வேண்டியிருந்தது. இந்திய சர்க்கார் 2024 மார்ச்சு 12-ம் தேதி 23 ஜாதி நாய்களை இறக்குமதி செய்யவும் விற்கவும் கூடாது என்று மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. அடுத்த மாதமே கர்நாடக, டில்லி ஹைகோர்ட்டுகள் அதை ரத்து செய்தன. சென்னை மாநகராட்சி 2025 டிசம்பரில் பிட்புல்லுக்கும் ராட்வைலருக்கும் புதிய உரிமம் கிடையாது என்று தீர்மானித்தது.

இவற்றுக்கெல்லாம் முன்னால் இந்தப் பட்டணத்திலிருந்து போன ஒரு பெண்மணியை நாம் மறந்துவிடக் கூடாது. ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்ய சபையில் மன்றாடியதன் பலனாகத்தான் 1960-ல் மிருகவதைத் தடைச் சட்டம் பிறந்தது. நாய்களை மோதவிட்டு வேடிக்கை பார்ப்பது அந்தச் சட்டப்படி குற்றம். நாட்டியக் கலைக்கு அவர் செய்ததை எல்லோரும் சொல்கிறோம். பேசத் தெரியாத ஜீவன்களுக்குச் செய்ததை யாரும் அதிகம் சொல்வதில்லை.

இத்தனையும் படித்த பிறகு பெரியவர் வீட்டுக்குப் போனேன். நாய் திண்ணைக்குப் பக்கத்தில் கட்டிக் கிடந்தது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக அதை நிதானமாகப் பார்த்தேன். அகன்ற முகத்தில் குழந்தையைப்போல ஒரு விழிப்பு. பெரியவர் வலது கையை நீட்டினார். பல வருஷங்களுக்கு முன் வின்ச் வடத்தில் சிக்கி நசுங்கிய கை. இரண்டு விரல் மடங்காது. காளையின் மூக்கைக் கவ்வுவதற்காக உண்டான அந்த வாய், அவருடைய அந்த மடங்காத விரல்களை மெல்ல எடுத்து வைத்துக்கொண்டு சும்மா இருந்தது.

மனுவில் எழுத வேண்டிய பதில் அங்கே இருந்தது. நம்மை ஒரு நொடியில் அழிக்கக்கூடிய ஒன்று, அழிக்காமல் நம் கையை வாயில் வைத்துக்கொண்டிருக்கிறது. அதைப்போல ஒரு நம்பிக்கையை உலகத்தில் வேறு யாரும் அந்த மனிதருக்குக் கொடுத்ததில்லை. ஆனால் இதை எப்படி ஆபீசுக்கு எழுதுவது? "மகன் வெளியூரில் இருப்பதால் வீட்டுக் காவலுக்கும் துணைக்கும்" என்று எழுதினேன். வாய்க்கூடு போடாமல் வெளியே கொண்டுபோவதில்லை, சங்கிலி இல்லாமல் விடுவதில்லை, தெருவில் பிள்ளைகள் நடமாடும் நேரத்தில் கதவைத் திறப்பதில்லை, ஊசி தவறாமல் போடுவது என்று நாலு உறுதிமொழிகளையும் சேர்த்தேன். இந்த நாலும் புகார் மனுவில் நானே குறையாக எழுதியவைதான்.

வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எல்லாம் சரிதான் தம்பி. ஒண்ணு உட்டுட்டியே."

"என்ன அண்ணே?"

"எனக்கு அறுபத்தஞ்சு ஆவுது. இதுக்கு நாலு. நான் போயிட்டா இந்தச் சங்கிலியை எவன் புடிப்பான்? அவங்க அதைக் கேக்கலை. ஆனா கேக்கணுமா இல்லையா?"

மேலே ஏதும் சொல்லாமல் எழுந்து நாயின் வாய்க்கூட்டை மாட்டினார். இருட்டிய பிறகு கடலோரத்துக் கருங்கல் அணை வரைக்கும் அதை நடத்திக்கொண்டு போய் வருவது அவர் வழக்கம். சங்கிலியை இரண்டு சுற்றுச் சுற்றி அந்த மடங்காத விரல்களுக்குள் செருகிக்கொண்டு நடந்தார்.

நான் மனுவைத் திருப்பி வைத்து, கடைசியில் ஐந்தாவதாக ஒரு வரி எழுதினேன். மகன் திரும்பி வரும்வரை, பெரியவருக்கு முடியாமற்போனால் நாய்க்குப் பொறுப்பேற்பவர் என்று எழுதி, ஒரு பெயருக்கு இடம் விட்டேன். அந்த இடத்தை நிரப்ப எனக்கு வெகு நேரம் ஆயிற்று. என் பெண்ணிடம் கேட்டுவிட்டுத்தான் என் பெயரை எழுதினேன்.